தொப்பியை மறைத்த தூரிகை

"ஆவணப்படமா? அது கொட்டாவிப் படம் அன்றோ!" என்று கூறி நகைக்கும் தோழர்கள் நம்மிலே பலர். மாநாடு என்றால் மூட்டை முடிச்சோடு முதல் நாளே வந்து சேருவர்; நாடகம் என்றால் விடிய விடிய விழித்திருப்பர்; திரைப்படம் என்றால் முதற்காட்சிக்கு முண்டியடிப்பர். ஆனால் ஆவணப்படம் என்ற சொல் செவியிலே பட்டதும், தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "தலைக்குமேல் வேலை கிடக்கிறது" என்று நடையைக் கட்டிவிடுவர்!

அவர்களை மட்டும் நொந்துகொள்வதற்கில்லை. அந்தச் சலிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948ஆம் ஆண்டில் டில்லி அரசு 'பிலிம்ஸ் டிவிஷன்' என்றொரு துறையைத் தோற்றுவித்தது. கொட்டகையில் எந்தப் படம் ஓடினாலும் சரி, அதற்கு முன்னால் அத்துறையின் செய்திச்சுருளோ விளக்கப்படமோ ஓடியே தீரவேண்டும். ஓட்டாவிட்டால் உரிமம் நிலைக்காது. ஓட்டுவதற்குக் கட்டணத்தையும் கொட்டகைக்காரரே கட்டவேண்டும்! அடிப்பவன் நான், அடித்த கை வலித்தால் தைலம் வாங்கித் தரவேண்டியவன் நீ என்ற நியாயம்! இந்த ஏற்பாடு வெள்ளையன் விட்டுச் சென்ற சொத்து. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், பாதுகாப்பு விதியின் பெயரால் அவன் புகுத்தியது, 1946இல் நின்றது, நின்றதை எடுத்து நிமிர்த்தி வைத்தவர்கள் நம்மவர்கள். ஆட்சி மாறிற்று, சாவி கைமாறிற்று, பூட்டு மட்டும் அப்படியே தொங்கிற்று. 1999இல் உச்சநீதிமன்றமும் இக்கட்டாயம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

அணை திறக்கும் அமைச்சர், ஆலை திறக்கும் அமைச்சர், நாடா வெட்டும் அமைச்சர்! நம் தந்தையர் தலைமுறை என்ன செய்தது? கொட்டகை வாசலிலே பீடி புகைத்துக்கொண்டு நின்றது, 'அது முடிந்துவிட்டதா?' என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அந்தத் துறையிலும் ஆற்றல் மிக்கோர் இருந்தனர் என்பதை மறைக்க மாட்டேன். சாஸ்திரி என்ற இயக்குநர், விடுதலை பெற்ற ஆண்டிலே பிறந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து, இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டு, 1967இல் 'நான் இருபது' என்றொரு சிறுபடம் எடுத்தார். அரசுத் துறை எடுத்த படமா இது என்று வியப்பீர்கள். ஆனால் ஆயிரம் ஊதுகுழல்களுக்கு நடுவே ஒரு புல்லாங்குழல்! 2022இல் அத்துறை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. துறை போயிற்று, அது விதைத்த சலிப்பு போகவில்லை.

அந்தச் சலிப்பினால் நமக்கு என்ன நட்டம்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் நாடகக்காரன். அட்டைக் கிரீடமும் அரிதாரப் பூச்சுமாகத்தான் என் மன்னர்கள் மேடைக்கு வருகிறார்கள். அந்தக் கிரீடம் அட்டை என்பது கடைசி வரிசைச் சிறுவனுக்கும் தெரியும். இது பொய் என்று ஒப்புக்கொண்டுவிட்டே நாடகம் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆவணப்படமோ அரிதாரமற்ற முகத்தோடு வருகிறது. "நான் நடிக்கவில்லை, நடந்ததைக் காட்டுகிறேன்" என்கிறது. நாடகம் பொய்யைக் காட்டி மெய்யைச் சொல்ல முயலும். ஆவணப்படமோ மெய்யைக் காட்டியே பொய்யைச் சொல்லவும் வல்லது! எனவே அதனைப் பாராமல் எழுந்து போவது பிழை. பார்த்ததை அப்படியே விழுங்குவது அதனினும் பெரும்பிழை. அரசியல் தொண்டனுக்கோ இரண்டுமே ஆகாதவை.

ஒரு தொப்பியின் கதையைக் கேளுங்கள்.

1955இல் அலேன் ரெனே என்ற பிரெஞ்சு இயக்குநர், இட்லரின் வதைமுகாம்களைப் பற்றி 'இரவும் மூடுபனியும்' என்ற படத்தை எடுத்தார். 32 நிமிடந்தான் ஓடும். உரை எழுதிய ழான் கேரோல், அத்தகைய முகாம் ஒன்றிலே அடைபட்டு உயிரோடு மீண்ட கவிஞர். பசும்புல் முளைத்துக் கிடக்கும் முகாமை வண்ணத்திலே காட்டுவார். உடனே கறுப்பு வெள்ளையில் பிணக்குவியல்! மீண்டும் புல், மீண்டும் பிணம். பார்த்தவர்க்கு உறக்கம் வராது.

தணிக்கையாளரிடம் படம் சென்றது. பிணங்களைக் கண்டு முகம் சுளித்தவர்கள், வேறொன்றைக் கண்டு பதறிப்போனார்கள். என்ன அது? ஒரு தொப்பி! பித்திவியே என்ற ஊரிலிருந்த முகாமின் பழைய புகைப்படம் ஒன்று படத்திலே வருகிறது. அங்கே காவல் நிற்கிறான் ஒருவன். அவன் தலையிலிருப்பது ஜெர்மானியத் தொப்பியன்று. பிரெஞ்சுக் காவலனின் தொப்பி! யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததிலே பிரெஞ்சுப் போலீசுக்கும் பங்கு உண்டு என்பதை அந்த ஒரு முழத் துணி ஊருக்குச் சொல்லிவிடுகிறது. "எடு அதை!" என்றார்கள். இயக்குநர் மறுத்தார். இழுபறிக்குப் பின், உத்தரம் ஒன்று குறுக்கே இருப்பதுபோலத் தீட்டித் தொப்பியை மறைத்தார்கள். பின்னாளில் வந்த பிரதிகளிலேதான் தொப்பி மீண்டும் தலைகாட்டிற்று.

பாருங்கள் தோழர்களே! மலைமலையாய்ப் பிணங்களைக் காட்டலாம். அண்டை நாட்டான் செய்த கொடுமை அது. தன் நாட்டுக் காவலனின் தொப்பியை மட்டும் காட்டலாகாது! நான் எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் தேடுவது அந்தத் தொப்பியைத்தான். இந்தப் படத்திலே எது மறைக்கப்பட்டது? தூரிகை பிடித்த கை யாருடையது? தூரிகைக்குக் காசு கொடுத்தவர் யார்?

தூரிகையே தேவைப்படாத படமும் உண்டு. நிகழ்ச்சியையே படத்துக்காகச் சமைத்துவிட்டால் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? 1934இல் நூரம்பர்க் நகரிலே நாஜிக் கட்சி மாநாடு நடந்தது. லேனி ரீபன்ஸ்டால் என்ற பெண்மணி அதனைப் படமாக்கினார். 'உறுதியின் வெற்றி' என்று 1935இல் வெளிவந்தது. கொடிக்கம்பத்திலே மின்தூக்கி பொருத்தி, அதிலே ஏறியவாறு படம் பிடித்தார்கள். மேடைப் பேச்சாளனாகிய நான் அந்தப் படத்தை அச்சத்தோடு பார்த்தேன். பேசுகிறவன் பேருருவாய் நிற்கிறான். கேட்கிறவர்கள் கட்டம் கட்டமாய்க் கல்வரிசைபோல் நிற்கிறார்கள். இத்தனை இலட்சம் பேரில் ஒருவன்கூடத் தும்மவில்லை, ஒருவன்கூடக் கேள்வி கேட்கவில்லை!

சரி, இட்லரைத் திட்டுவது எளிது, கைதட்டலும் உறுதி. நம் மாநாட்டுப் படங்களை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வானிலே பறக்கும் கருவியிலிருந்து மனிதக் கடலைக் காட்டுகிறோம். மேடையைக் கீழிருந்து காட்டுகிறோம். அந்தக் கடலிலே ஒரு துளியை நெருங்கி, "எந்த ஊரிலிருந்து வந்தீர் ஐயா? என்ன குறையோடு வந்தீர் அம்மா?" என்று கேட்டிருக்கிறோமா? நம்முடைய நோக்கம் வேறு, நாஜியின் நோக்கம் வேறு, அதிலே ஐயமில்லை. ஆனால் அவன் கண்டுபிடித்த கோணத்தை நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்? இதைச் சொல்வதற்காக எவரேனும் என்மீது முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

இனி, நம் இரத்தம் கலந்த படம் ஒன்றுக்கு வருகிறேன். உலகத்துத் திரைப்பட அறிஞர்கள் ஒருமுகமாகப் புகழ்ந்த படம். பிரஸ்ஸல்ஸ் நகரத்து விழாவிலே 1935இல் முதற்பரிசு பெற்ற படம். 'இலங்கையின் பாடல்' என்பது அதன் பெயர்.

காசு கொடுத்தவர் யார்? இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை! தேயிலை விற்கவேண்டும், அதற்கு இலங்கையைப் பற்றிச் சிறு சிறு பயணப் படங்கள் நான்கு வேண்டும் என்று கேட்டது சபை. பாசில் ரைட் என்ற ஆங்கில இளைஞர் 1934இல் கப்பலேறினார். ஜான் கிரியர்சன் தயாரிப்பாளர். 'டாக்குமெண்டரி' என்ற சொல்லைத் திரையுலகில் நிலைநாட்டியவரே அவர்தான். நான்கு துண்டுப் படங்கள், நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாக உருமாறி வந்தன.

அழகான படம் என்பதை மறுப்பவன் இரசனை இல்லாதவன். சிவனொளிபாத மலைமீது ஏறும் அடியார் கூட்டம், மணியோசையோடு எழுந்து பறக்கும் பறவை, ஓலைக் குடிசை, கண்டி நடனம். மூன்றாம் பகுதியின் பெயர் 'வணிகத்தின் குரல்கள்'. மரத்தை முட்டிச் சாய்க்கிறது யானை. கொழுந்து கிள்ளுகின்றன கைகள். ஒலியிலோ இலண்டன் சந்தையின் விலை நிலவரமும் கப்பல் புறப்படும் தேதியும்! உடல் இங்கே வருந்துகிறது, விலை அங்கே பேசப்படுகிறது. காசு கொடுத்த சபையையே இலேசாகக் கிள்ளிவிட்டார் இளைஞர் என்று அறிஞர்கள் பாராட்டுகின்றனர். நானும் ஓரளவு பாராட்டுகிறேன்.

ஆனால் தொப்பி எங்கே?

படத்தின் உரை எங்கிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? இராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, தப்பியோடி, 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து! இலங்கையிலே வாணிப அளவில் தேயிலைத் தோட்டம் தோன்றியது 1867இல். 1681இல் எழுதிய ஏட்டுக்கு, 1867க்குப் பிறகு வந்த தொழிலாளியைத் தெரியுமா? கங்காணியின் ஆசைமொழி கேட்டு, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த, மண்டபம் முகாம் கடந்து, கடல் கடந்து போன தமிழனைத் தெரியுமா? அவர்களுக்கும் முன்னே, கோப்பித் தோட்டக் காலத்திலே, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, காய்ச்சலிலே விழுந்து, வழியோரத்திலேயே கிடந்துபோனவர்களைத் தெரியுமா? விடியுமுன் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்கு ஓடும் பெண்ணைத் தெரியுமா? பத்தடிக்குப் பத்தடி லயத்து அறையிலே புகைக்கு நடுவே அவள் பிள்ளை பெற்றதைத் தெரியுமா?

ஏட்டின்மீது குற்றமில்லை; அது பிறந்த நூற்றாண்டு அது. தேயிலைக்கு முந்திய ஏட்டைத் தேடிப் பிடித்துத் தேயிலைப் படத்துக்கு உரையாக வைத்தார்களே, அங்கேதான் இருக்கிறது தூரிகை! கிள்ளும் கைகளுக்கு முகம் உண்டு, அம்முகங்களைப் படமும் காட்டுகிறது. அவர்களுக்கு ஊர் உண்டு, மொழி உண்டு, கங்காணிக்குப் பட்ட கடனும் உண்டு. அவற்றைச் சொல்லும் குரல் அந்தப் பாட்டிலே இல்லை. பாசில் ரைட் கொடியவர் என்று நான் கூறவில்லை. அழகுணர்ச்சி மிக்கவர். அழகுணர்ச்சி மிக்கவர்கள்தாம் இந்த வேலைக்கு ஏற்றவர்கள். முரடன் மறைத்தால் கண்டுபிடித்துவிடுவோம்.

பெயர் சொல்லப்படாத கூட்டத்துக்கு நேர்ந்தது என்ன? படம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோர் ஒரே வீச்சில் நாடற்றவர் ஆயினர். 1964இல் டில்லியிலே சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உட்கார்ந்து, அவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்துப் பங்கு பிரித்தனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! ஆட்டு மந்தையைப் பிரிப்பவன்கூட ஆட்டின் காதிலே அடையாளம் பார்ப்பான். எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு வழி செய்ய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு படத்தினால் இவ்வளவும் நேர்ந்ததென்று சொல்வேனா? சொல்லமாட்டேன். ஆனால் உலகத்தின் கண்ணுக்கு முன்னே ஓவியம்போல் நிறுத்தப்பட்ட மக்கள், ஊமையாகவே நிறுத்தப்பட்டார்கள். ஊமையின் வழக்கை வாதாடியவர் அரிது.

இப்போது நம் நாட்டு அரசுகளிடம் வருவோம். தன் படத்தைக் கட்டாயமாகக் காட்டுகிறவன், பிறர் படத்தைக் கட்டாயமாக மறைப்பான். இது கையின் இரு பக்கம்.

கே.ஏ. அப்பாஸ் 1968இல் பதினாறு நிமிடச் சிறுபடம் ஒன்று எடுத்தார். நான்கு நகரங்களின் கதை. கல்கத்தா, பம்பாய், டில்லி, நம் சென்னை! ஒருபுறம் மாளிகை, அந்த மாளிகையைக் கட்டியவன் மறுபுறம் குடிசையில். அதிலே பம்பாயின் விலைமாதர் தெருவும் சில கணங்கள் வருகிறது. "வெட்டு!" என்றது தணிக்கை. தெருவை வெட்ட வக்கில்லாத அரசு, தெருவின் படத்தை வெட்டப் புறப்பட்டது! அப்பாஸ் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கையிலேயே அரசு இறங்கிவந்து, வெட்டின்றிச் சான்றிதழ் தருகிறேன் என்றது. அவரோ, என் படத்துக்காக மட்டும் நான் வரவில்லை, தணிக்கை முறையே சரிதானா என்று சொல்லுங்கள் என்றார். 1970இல் தீர்ப்பு வந்தது: முன்தணிக்கை செல்லும்! படம் வென்றது, கொள்கை தோற்றது. இன்றைக்கும் தணிக்கைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அதுதான்.

அதே 1970இல் லூயி மால் என்ற பிரெஞ்சுக்காரரின் இந்தியப் படத்தை பி.பி.சி. ஒளிபரப்பிற்று. ஏழு பகுதிகள், அவற்றுள் ஒன்று சென்னையில் கண்டவை பற்றியது. தேர்த் திருவிழாவும் நாட்டியப் பள்ளியும் அதிலே வரும். நாட்டின் வறுமையைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று கொதித்தது காங்கிரஸ் அரசு. பி.பி.சி.யின் டில்லி அலுவலகமே சில காலம் மூடிக்கிடந்தது. 2023 சனவரியில் அதே பி.பி.சி., 2002ஆம் ஆண்டு குசராத்துக் கலவரத்தையும் அன்றைய முதலமைச்சரையும் பற்றிப் படம் வெளியிட்டது. இப்போது பா.ச.க. அரசு. அவசர அதிகாரத்தின்படி இணையத்திலிருந்து அதன் இணைப்புகளை நீக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் வருமானவரி அதிகாரிகள் டில்லி, பம்பாய் அலுவலகங்களின் வாசலில்! ஐம்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. கட்சி வேறு, கொடி வேறு, கோபம் மட்டும் ஒன்று.

இவற்றைவிட என் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. ஆனந்த் பட்வர்த்தன் எடுத்த 'இராமன் பெயரால்' என்ற படம். பாபர் மசூதி 1992 டிசம்பர் 6ஆம் நாள் இடிக்கப்பட்டது. படமோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது! வரப்போகும் தீயை முன்கூட்டியே காட்டிய படம். தேசிய விருது கொடுத்தார்கள். விருது கொடுத்த கை காயுமுன்பே, தூர்தர்ஷனில் காட்டமாட்டோம் என்றார்கள். நீதிமன்றப் படியேறித்தான் அதை மக்கள் கண்ணிலே காட்ட நேர்ந்தது. அந்தப் படத்திலே ஒரு பூசாரி வருகிறார். இலால்தாஸ் என்று பெயர். நீதிமன்றம் அமர்த்திய பூசாரி. அந்த இடத்துக் கோயிலிலேயே பூசை செய்தவர். நாம் கடவுள் இல்லை என்போம், அவர் கடவுளுக்கு ஆரத்தி எடுப்பவர். ஆயினும், அரசியலுக்கும் பணத்துக்கும் இராமனை விற்கிறார்கள் என்று அச்சமின்றிச் சொல்கிறார். 1992இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் இருக்கும் இடம் அந்தப் படம் ஒன்றுதான். அது கொட்டாவிப் படமா? சொல்லுங்கள்!

அறிவியல் படத்திலும் தூரிகை உண்டு. வடதுருவக் குளிர்நாட்டில் லெமிங் என்றொரு சிற்றுயிர், எலியின் உறவு. அவை கூட்டங்கூட்டமாகச் சென்று கடலில் விழுந்து தற்கொலை செய்துகொள்ளும் என்றொரு கட்டுக்கதை. 1958இல் டிஸ்னி நிறுவனம் 'வெண்பனிக் காடு' என்ற படத்திலே அதைக் கண்கூடாகவே காட்டிற்று. ஆஸ்கார் விருதும் பெற்றது. கால் நூற்றாண்டு கழித்துக் கனடா நாட்டுத் தொலைக்காட்சி துருவிப் பார்த்தது. அந்த உயிர்கள் அங்கே வாழ்பவையே அல்ல. வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, ஆற்றின் மேட்டிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள்! புராணிகன் ஏட்டைக் காட்டிச் சொன்னால் நாம் நகைப்போம். விஞ்ஞானத்தின் சட்டை போட்டுக்கொண்டு கேமரா சொன்னால் நம்பிவிடுவோமா?

நல்லதும் உண்டு. கார்ல் சாகன் 1980இல் தந்த 'காஸ்மாஸ்' தொடரைப் பதின்மூன்று பகுதியும் பாருங்கள். பத்தாம் பகுதியிலே தமிழ்நாட்டுப் பொங்கல் விழா வரும்; சோழர் காலத்துச் செப்புப் படிமமாகிய ஆடல்வல்லானும் வருவான். அண்டத்தின் வயதுக்கணக்கோடு பழைய இந்துக் கணக்கு ஒத்துப்போவது தற்செயலே என்று சாகன் ஒரு சொல் வைத்துச் சொல்லியிருக்கிறார். நம்மூர்ப் பண்டிதர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, "அமெரிக்கனே ஒப்புக்கொண்டான்!" என்று மேடை போட்டு முழங்குகிறார்கள். கலையிலே, சத்யஜித் ரே 1976இல் எடுத்த 'பாலா'வைக் காணுங்கள். தமிழக அரசும் பம்பாய்க் கலை மையமும் சேர்ந்து எடுப்பித்தது. கடற்கரைக் காற்றிலே சேலைத் தலைப்பு பறக்கப் பாலசரசுவதி ஆடுகிறார். எந்தக் குலத்துப் பெண்களை ஊரார் இழிந்த பெயரால் அழைத்தனரோ, அந்தக் குலம் காத்த கலை அது. அதை யார் எடுத்துத் தமது என்று பெயரிட்டுக்கொண்டனர் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

படம் எடுத்து என்ன ஆகிவிடும் என்பாரும் உளர். அமெரிக்காவிலே ராண்டல் ஆடம்ஸ் என்றொருவர். காவலர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டி 1977இல் மரணதண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேறச் சில நாளே இருக்கையில் தள்ளிப்போயிற்று, பின்னர் ஆயுள்தண்டனை ஆயிற்று. எரால் மோரிஸ் என்ற இயக்குநர் சாட்சிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசவிட்டார். பேசப் பேச, அவர்கள் வாயாலேயே வழக்கு அவிழ்ந்தது. 1988இல் 'மெல்லிய நீலக் கோடு' வெளிவந்தது. 1989 மார்ச்சில் ஆடம்ஸ் வெளியே வந்தார்.

தமிழன் பின்தங்கினானா? இல்லை! கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், 1937இல் கப்பலிலே போகும்போது காந்தியாரைப் பற்றிப் படமெடுக்க முடிவு செய்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தாறு. உலகெங்கும் சுற்றி, அலமாரிகளிலே தூங்கிய சுருள்களைத் தட்டி எழுப்பி, ஏறத்தாழ ஐம்பதினாயிரம் அடிச் சுருள் சேர்த்து, பன்னிரண்டாயிரம் அடியாகச் சுருக்கி, போர்க்காலத்து வெள்ளையன் ஆட்சியிலேயே, 1940இல், தமிழ் உரையோடு வெளியிட்டார்! காந்தியாரின் வருணாசிரமக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடு இல்லை; அது வேறு வழக்கு. ஆனால் இமயம் முதல் குமரி வரை எவரும் நினையாததை, பணமும் படையும் இல்லாத தமிழ் இளைஞன் ஒருவன் செய்தான். அவர் பெயரைச் சொன்னால் நம் தோழர்களில் எத்தனை பேர்க்குத் தெரியும்?

ஆகவே, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஊர்தோறும் நமக்குப் படிப்பகங்கள் உள்ளன. கல்லூரிப் படியிலிருந்து பாதியில் இறங்கியவனாகிய எனக்குப் பல்கலைக்கழகமே அப்படி ஒரு படிப்பகந்தான். இன்று அங்கே நாளேடு கிடக்கிறது, மூலையிலே தொலைக்காட்சியும் ஓடுகிறது, ஓடுவது கிரிக்கெட்டு! மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை எனக்குக் கடன் கொடுங்கள். வெள்ளைத் துணி ஒன்று கட்டுங்கள். படக்கருவி இல்லையா, அந்தத் தொலைக்காட்சியே போதும். 'இரவும் மூடுபனியும்' அரைமணி. 'பாலா' அரைமணி. 'இலங்கையின் பாடல்' நாற்பது நிமிடத்துக்குள். இவ்வளவுக்கும் ஒரு சாதாரணத் திரைப்படத்தின் நேரம்கூட ஆகாது. படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். தொப்பியைத் தேடுங்கள், உரத்துப் பேசுங்கள், சண்டையிட்டுக்கொள்ளுங்கள். நம் கட்சிப் படத்தையும் ஒருநாள் போட்டு, அதிலும் தேடுங்கள்.

"வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவே நேரமில்லை, இதிலே வாக்கு வருமா?" என்று வட்டச் செயலாளர் ஒருவர் என்னைக் கேட்டார். வருமோ வராதோ, நான் அறியேன் ஐயா என்றேன். ஆனால் வாட்சப்பிலே வெட்டி ஒட்டி வரும் ஒரு நிமிடப் படத்தை உண்மையென்று நம்பி, அக்கம்பக்கத்து இசுலாமியரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிய நம் தோழரையே நான் கண்டிருக்கிறேன். முழுப் படத்தைப் பார்க்கப் பழகாதவன், துண்டுப் படத்துக்கு அடிமையாவான். அவனிடம் கொள்கை விளக்கக் கூட்டம் போட்டு என்ன பயன்?

முதற்படம் எது என்று கேட்பீர்கள். திவ்யபாரதி 2017இல் எடுத்த 'கக்கூஸ்' படத்தோடு தொடங்குங்கள். கையால் மலம் அள்ளுவதை 1993இலும் 2013இலும் இரண்டு சட்டங்கள் தடைசெய்த நாட்டிலே, அள்ளுகின்ற கைகளைத் தமிழ்நாடெங்கும் தேடிச் சென்று காட்டிய படம். திரையிடக் காவல்துறை பல ஊர்களில் அனுமதி மறுத்தது. எடுத்தவர்மீது வழக்குகள் பாய்ந்தன. படம் யூடியூபிலே ஏறி ஊரைச் சென்று சேர்ந்தது. பார்ப்பது கடினம், சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதிலே பேசுகிறவர்களைப் போன்றோர் நாளைக் காலை ஐந்து மணிக்கு நம் தெருவுக்கு வருவார்கள். அவர்களிலே சிலரையாவது அழைத்துவந்து முன்வரிசை நாற்காலியிலே அமர வையுங்கள். படம் முடிந்ததும் அவர்கள் முதலில் பேசட்டும். நம் பேச்சாளர்கள், என்னையும் சேர்த்துத்தான், அன்றைக்கு ஒருநாள் ஒலிபெருக்கியைத் தொடவேண்டாம்.